360 பிக்சலில் தொடங்குங்கள்: பல திரை அளவுகளுக்கு வலைப்பக்கம் அமைக்கும் வழிமுறை

கும்பகோணத்திற்கு அருகில் குத்துவிளக்கு விற்கும் ஒரு கடைக்கு நான் முதன்முதலாக வலைத்தளம் செய்து கொடுத்தபோது, பக்கம் முழுவதையும் 1366 பிக்சல் அகலமுள்ள என் மடிக்கணினியிலேயே வடிவமைத்து முடித்தேன். கடைக்காரர் அதைத் தம் கைப்பேசியில் திறந்தார். விலைப்பட்டியலின் வலப்பக்கம் திரைக்கு வெளியே போயிருந்தது, விளக்குகளின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன, தொலைபேசி எண் கண்ணுக்கே தெரியவில்லை. அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள் என்பதை நான் தொடங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பத்து நாளில் முடிந்த வேலையைத் திருத்துவதற்கு மேலும் மூன்று வாரங்கள் ஆயின. இப்பணியில் புதிதாக இறங்குபவர்களுக்கு அந்த மூன்று வாரங்கள் மிச்சமாக வேண்டும் என்பதற்காக, நான் இப்போது பின்பற்றும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் ஆகியவற்றின் அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன்.

1. குறிமுறை எழுதும் முன் மூன்று தாள்கள்

முதல் தாள் உள்ளடக்கப் பட்டியல். பக்கத்தில் வரப்போகும் ஒவ்வொன்றையும், அதாவது கடையின் பெயர், தொலைபேசி எண், விளக்குகளின் படங்கள், விலைப்பட்டியல், கடை திறக்கும் நேரம், வரைபடம் ஆகியவற்றை எழுதி, பார்க்க வருபவருக்கு எது முதலில் தேவை என்ற வரிசையில் எண் இடுங்கள். கைப்பேசியில் எல்லாம் ஒரே நெடுவரிசையாகத்தான் வரும் என்பதால், இந்த வரிசைதான் உங்கள் கைப்பேசி வடிவமைப்பு. எச்டிஎம்எல் கோப்பையும் இதே வரிசையில்தான் எழுத வேண்டும். பிறகு சிஎஸ்எஸ்ஸின் ஆர்டர் கட்டளையால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியும் வரிசை ஒன்றாகவும், விசைப்பலகையில் டேப் விசையை அழுத்திச் செல்பவருக்கும் திரைவாசிப்பானில் கேட்பவருக்கும் கிடைக்கும் வரிசை வேறொன்றாகவும் ஆகிவிடும்.

இரண்டாம் தாளில் பென்சிலால் இரண்டு படம் வரையுங்கள்: ஒன்று 360 பிக்சல் அகலத்திற்கு, மற்றொன்று 1280 பிக்சல் அகலத்திற்கு. இடைப்பட்ட அளவுகளுக்கு இப்போது வரைய வேண்டியதில்லை.

மூன்றாவது, வேலை கொடுத்தவரோடு சேர்ந்து எழுதும் ஒப்புதல் தாள். எந்தெந்தக் கருவிகளில் சோதித்துக் காட்டுவீர்கள், எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள், படங்களையும் விலைகளையும் யார் எந்தத் தேதிக்குள் தருவார்கள், பணம் எத்தனை தவணை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். நான் இத்தாள் இல்லாமல் தொடங்கியதால், யாரோ ஓர் உறவினரின் பழைய டேப்லெட்டில் பக்கம் சரியாக வரவில்லை என்று மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. ஒருநாள் செலவிட்டு இதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

2. வியூபோர்ட் வரி

எச்டிஎம்எல் கோப்பின் ஹெட் பகுதியில் வியூபோர்ட் என்னும் மெட்டா குறியை இட்டு, விட்த் என்பதற்கு டிவைஸ்-விட்த் என்றும் இனிஷியல்-ஸ்கேல் என்பதற்கு 1 என்றும் மதிப்புக் கொடுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், கைப்பேசி உலாவிகள் பக்கத்தை ஏறத்தாழ 980 பிக்சல் அகலமுள்ளதாக எடுத்துக்கொண்டு, பிறகு அதைச் சுருக்கித் திரைக்குள் அடைத்துக் காட்டும். எழுத்து எறும்பு அளவுக்குத் தெரியும். கீழே சொல்லப்போகும் அளவுக் கணக்குகள் கைப்பேசியில் பலிக்காது.

இதே வரியில் யூசர்-ஸ்கேலபிள் என்பதை நோ என்றோ, மேக்சிமம்-ஸ்கேல் என்பதை 1 என்றோ எழுதும் பழக்கம் பல மாதிரிக் கோப்புகளில் இருக்கிறது. நகலெடுக்கும்போது அவற்றை நீக்கிவிடுங்கள். கண்பார்வை குறைந்தவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதை அவை தடுக்க முற்படுகின்றன. விளக்கு வாங்க வருபவர்களில் வயதானவர்கள் பலர் என்பதால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே பிக்சல் என்று சொல்வது திரையின் உண்மையான புள்ளியை அன்று. 1080 புள்ளி அகலமுள்ள கைப்பேசித் திரை, புள்ளி விகிதம் 3 ஆக இருந்தால், சிஎஸ்எஸ் கணக்கில் 360 பிக்சல்தான். கைப்பேசி விளம்பரத்தில் உள்ள எண்ணைப் பார்த்து அளவு வைத்தால் தவறிவிடும்.

3. குறுகிய திரைக்கு முதலில், அகலமான திரைக்குப் பிறகு

திரையின் அகலம் போன்ற நிபந்தனை பொருந்தும்போது மட்டும் செயல்படும் சிஎஸ்எஸ் தொகுதியான மீடியா குவெரி எதுவும் இல்லாமல், 360 பிக்சல் அகலத்தில் பக்கம் முழுவதும் சரியாக வரும்படி முதலில் எழுதி முடியுங்கள். பிறகு மின்-விட்த் நிபந்தனையுள்ள மீடியா குவெரிகளால் அகலமான திரைக்கு வேண்டியவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டே போங்கள். அகலமான திரைக்கு எழுதிவிட்டு மேக்ஸ்-விட்த் வைத்துச் சுருக்கத் தொடங்கினால், முன்பு எழுதியதை ரத்து செய்வதற்கே பாதிக் கட்டளைகள் செலவாகும். என்னுடைய முதல் கோப்பில் அப்படித்தான் நடந்தது.

பிரேக்பாயிண்டை, அதாவது அமைப்பு மாற வேண்டிய அகலத்தை, எங்கே வைப்பது என்பதுதான் புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. கருவிகளின் பட்டியலைத் தேடிப் போகாதீர்கள். புதிய கைப்பேசிகள் வந்துகொண்டே இருக்கும், பட்டியல் நிற்காது. உலாவிச் சாளரத்தை 320 பிக்சலிலிருந்து மெல்ல அகலப்படுத்திக்கொண்டே வாருங்கள். வரி படிக்கச் சிரமப்படும் அளவுக்கு நீள்கிறதா, படங்களுக்கு நடுவே வெற்றிடம் பெருகுகிறதா என்று பாருங்கள். உங்கள் உள்ளடக்கம் எந்த அகலத்தில் அழகு கெடுகிறதோ அந்த இடத்தில் பிரேக்பாயிண்ட் வையுங்கள். விளக்குக் கடைப் பக்கத்திற்கு 48 எம், 70 எம் (எம் என்பது எழுத்தளவை ஒன்றாகக் கொண்ட அலகு) என்ற இரண்டே போதுமானவையாக இருந்தன. உலாவியின் இயல்பான எழுத்தளவு 16 பிக்சலாக இருக்கும்போது 48 எம் என்பது 768 பிக்சல். எழுத்தளவை உலாவி அமைப்பில் பெரிதாக வைத்திருப்பவருக்கு, எம் அலகில் எழுதிய பிரேக்பாயிண்ட் அதற்கேற்பத் தள்ளிப்போகும், பிக்சலில் எழுதியது தள்ளிப்போகாது. ஆகவே எம் நல்லது.

4. பெட்டிகள் தாமாக அடுக்கிக்கொள்ளட்டும்

எல்லாக் கூறுகளுக்கும் பாக்ஸ்-சைசிங் என்பதை பார்டர்-பாக்ஸ் என்று முதலிலேயே வைத்துவிடுங்கள். அகலத்தோடு உள்விளிம்பும் சேர்ந்து பெட்டி பிதுங்குவது அதோடு நிற்கும்.

படங்களை வரிசையாக அடுக்க, இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் கிரிட் முறையைப் பயன்படுத்துங்கள். நெடுவரிசைகளுக்கு ரிப்பீட், ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து, குறைந்த அளவு 8.5 ரெம், மிகுந்த அளவு 1 எஃப்ஆர், இடைவெளி அரை ரெம் என்று கொடுத்தேன். ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு, எஃப்ஆர் என்பது மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு. எழுத்தளவு 16 பிக்சல் என்றால் 8.5 ரெம் என்பது 136 பிக்சல். 320 பிக்சல் திரையில் இருபுறமும் 16 பிக்சல் ஓரம் விட்டால் 288 மிஞ்சும். இரண்டு நெடுவரிசைக்கும் இடைவெளிக்கும் சேர்த்து 280 போதும் என்பதால், மிகக் குறுகிய திரையிலும் இரண்டு விளக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. குத்துவிளக்கு உயரமானது, படமும் நிமிர்ந்த வாக்கில்தான் இருக்கும். ஒரு வரிக்கு ஒன்று என்று வைத்தால் ஒரே விளக்கு திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வரிக்கு இரண்டு என்ற முடிவு அந்தப் பொருளின் வடிவத்திலிருந்து வந்தது. நீங்கள் தட்டு விற்கும் கடைக்குச் செய்தால் கணக்கு வேறாக இருக்கும்.

இதே 136 பிக்சலை 768 அகலத்திலும் விட்டுவைத்தால் ஒரு வரியில் ஐந்து விளக்குகள் வந்து, எல்லாம் தீக்குச்சிபோல் தெரியும். அதனால் 48 எம் பிரேக்பாயிண்டில் குறைந்த அளவை 12 ரெம்மாக உயர்த்தினேன். மூன்றாகக் குறைந்தது. அந்த மீடியா குவெரியில் நான் மாற்றிய எண் அது ஒன்றுதான்.

மின்மேக்ஸ் இல்லாமல் 1 எஃப்ஆர், 1 எஃப்ஆர் என்று மட்டும் எழுதினால் இரண்டு நெடுவரிசையும் சமமாக வரும் என்று நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் மிக நீண்ட சொல்லைவிடக் குறுகுவதற்கு அந்த நெடுவரிசை மறுத்துவிடும். ஒன்று பருத்து மற்றொன்று மெலிந்து, கடைசியில் பக்கமே பக்கவாட்டில் நகரத் தொடங்கும். குறைந்த அளவு 0 என்று மின்மேக்ஸுக்குள் எழுதினால் இது தீரும்.

5. தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

நான் படித்த பாடங்கள் எல்லாம் ஆங்கிலப் பக்கங்களை வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழ்ப் பக்கத்தில் போட்டதால்தான் என் சிக்கலில் பாதி வந்தது.

தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் சாரியையும் சேர்ந்து நீளும் இயல்புடையவை. அன்னப்பறவைக் குத்துவிளக்கு, தொடர்புகொள்வதற்கு, விலைப்பட்டியலிலுள்ள போன்றவற்றை 20 பிக்சல் எழுத்தில் 136 பிக்சல் பெட்டிக்குள் வைத்தால், சொல் உடையாமல் வெளியே துருத்தி நிற்கும். ஓவர்ஃப்ளோ-ராப் கட்டளைக்கு எனிவேர் என்ற மதிப்பைக் கொடுங்கள். அப்போது இடம் போதாத நேரத்தில் மட்டும் சொல் உடையும். உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனியாகப் பிரிந்து போகாது. பிரேக்-வேர்ட் என்ற மதிப்பும் சொல்லை உடைக்கும் என்றாலும், கிரிட் நெடுவரிசை தன் குறைந்த அகலத்தைக் கணக்கிடும்போது அதைக் கருத்தில் கொள்வதில்லை. எனவே முன்படியில் சொன்ன பிதுங்கல் தொடரும். தலைப்புகளில் எங்கே உடைய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்ய விரும்பினால், குத்து, விளக்கு ஆகியவற்றுக்கு நடுவில் டபிள்யூபிஆர் குறியை இடுங்கள். இணைப்புக்கோடு இல்லாமல் அங்கே மடங்கும். நம் செய்தித்தாள்களில் சொல் மடங்குவதும் அப்படித்தான்.

தலைப்பின் அளவுக்கு கிளாம்ப் பயன்படுத்துங்கள். குறைந்தது 1.5 ரெம், நடுவில் 1.1 ரெம்முடன் 2 விடபிள்யூ (விடபிள்யூ என்பது திரை அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு) கூட்டல், மிகுந்தது 2.5 ரெம் என்று எழுதினால், 320 பிக்சல் திரையில் 24 பிக்சலில் தொடங்கி 1120 பிக்சல் திரையில் 40 பிக்சல்வரை தலைப்பு சீராக வளரும். இதற்கென மீடியா குவெரி தேவையில்லை. நடு மதிப்பில் விடபிள்யூ மட்டும் வைத்துவிடாதீர்கள். திரை அகலத்தை மட்டுமே நம்பிய எழுத்து, பார்ப்பவர் பெரிதாக்கும்போது போதிய அளவு பெரிதாவதில்லை.

வரி உயரத்தை 1.6 முதல் 1.8 வரை வையுங்கள். ஆங்கிலத்திற்கு ஏற்ற 1.4 அளவில், மேல்வரியின் கீழிறங்கும் எழுத்துகளும் கீழ்வரியின் இகர ஈகார வளைவுகளும் ஒன்றையொன்று நெருக்கும். இருபுறமும் சமப்படுத்தும் ஜஸ்டிஃபை அமைப்பைக் கைப்பேசியில் தவிர்த்துவிடுங்கள். ஒரு வரியில் மூன்று நான்கு தமிழ்ச் சொற்களே அடங்கும் என்பதால், சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். எச்டிஎம்எல் குறியில் மொழி டிஏ என்று குறிப்பிடவும் மறவாதீர்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு போதும். சாதாரணம், தடிமன் என்ற இரண்டு எடைகளுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஃபாண்ட்-டிஸ்ப்ளே என்பதை ஸ்வாப் என்று வைத்தால், எழுத்துரு வந்து சேரும்வரை கைப்பேசியில் உள்ள எழுத்துருவில் பக்கம் தெரியும். இரண்டு எழுத்துருக்களின் அகலம் வேறுபடுவதால், எழுத்துரு மாறும் கணத்தில் வரிகள் மடங்கிப் பக்கம் ஒருமுறை குதிக்கலாம். அதை எதிர்பார்த்துப் பொத்தான்களுக்குச் சற்று இடம் விட்டு வையுங்கள்.

6. படங்கள்

கைப்பேசிக் கேமராவில் எடுத்த ஒரு படம் 4000 பிக்சல் அகலமும் பல மெகாபைட் எடையும் கொண்டிருக்கும். அதை அப்படியே ஏற்றி, மேக்ஸ்-விட்த் 100 விழுக்காடு, ஹைட் ஆட்டோ என்று எழுதினால் திரைக்குள் அடங்கிவிடும். ஆனால் தரவிறக்கச் செலவு பார்ப்பவர் தலையில்தான் விழும். ஒவ்வொரு படத்தையும் 320, 480, 800 பிக்சல் அகலங்களில் கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி வடிவில் சேமித்து, எஸ்ஆர்சிசெட் பண்பில் மூன்றையும் பட்டியலிடுங்கள். பெட்டி 160 பிக்சலும் புள்ளி விகிதம் 3 ஆகவும் இருந்தால் 480 அகலப் படமே அந்தக் கைப்பேசிக்கு முழுத் தெளிவைக் கொடுத்துவிடும்.

சைசஸ் பண்பை விட்டுவிடாதீர்கள். நான் விட்டிருந்தேன். உலாவி படத்தைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பக்கத்தின் அமைப்பு இன்னும் அதற்குத் தெரியாது. ஆகையால் சைசஸ் இல்லையென்றால் படம் திரையின் முழு அகலத்திற்கும் வரும் என்று எண்ணிப் பெரிய கோப்பையே எடுத்துக்கொள்ளும். 48 எம்முக்கு மேல் 33 விடபிள்யூ, மற்றபடி 45 விடபிள்யூ என்று தோராயமாகச் சொன்னாலே போதும். படக் குறியில் அகலத்தையும் உயரத்தையும் எண்ணாக எழுதுங்கள். படம் வருவதற்கு முன்பே உலாவி அதற்குரிய இடத்தை ஒதுக்கிவிடும். முதல் திரையில் தெரியும் படத்திற்கு, தேவைப்படும்போது மட்டும் படத்தை ஏற்றும் லேசி லோடிங் வைக்க வேண்டாம், கீழே உள்ளவற்றுக்கு மட்டும் வையுங்கள்.

7. விலைப்பட்டியல், மெனு, படிவம்

பெயர், உயரம், எடை, முகங்கள், விலை, இருப்பு என்று ஆறு நெடுவரிசை கொண்ட பட்டியல் 360 பிக்சலில் அடங்காது. ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையாகப் பிரித்துக் காட்டலாம் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் வாடிக்கையாளர் இரண்டடி விளக்கையும் மூன்றடி விளக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறார். அட்டையில் அது முடியாது. அதோடு, அட்டவணைக் குறிகளின் டிஸ்ப்ளே மதிப்பை மாற்றினால் திரைவாசிப்பான் அதை அட்டவணையாக வாசிக்காமல் போகலாம். பட்டியலை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டி மட்டும் பக்கவாட்டில் நகரும்படி ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடுத்து, பெயர் நெடுவரிசை மட்டும் நகராமல் ஒட்டி நிற்கும்படி அதை ஸ்டிக்கியாக நிறுத்திவிடுங்கள். கடைக்காரர் இதைத்தான் விரும்பினார்.

மெனுவில் முகப்பு, விளக்குகள், விலைப்பட்டியல், தொடர்புக்கு என்ற நான்கே இருந்தால் மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் ஒளிக்க வேண்டாம், இரண்டு வரியாக மடங்கவிடுங்கள். பொத்தான்களின் உயரம் 44 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். படிவக் கட்டங்களில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனில் தொட்டவுடன் பக்கம் தானாகப் பெரிதாகிவிடும். முழுத் திரை உயரத்திற்கு 100 விஎச் எழுதும் வழக்கத்தையும் விடுங்கள். கைப்பேசியில் முகவரிப் பட்டை தெரியும்போது அடிப்பகுதி மறைந்துபோகும். 100 எஸ்விஎச் என்று எழுதினால் பட்டை இருக்கும்போதும் அடங்கும்.

8. சோதனை

குரோம் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எம் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை அளவுகளை மாற்றிப் பார்க்கலாம். 320, 360, 412, 768, 1024, 1366 ஆகிய ஆறிலும் பாருங்கள். அதன்பின் 1280 பிக்சல் சாளரத்தை 400 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். அது 320 பிக்சல் திரைக்குச் சமம். அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.1 விதிகள், அந்த அகலத்தில் பக்கம் பக்கவாட்டில் நகராமல் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று கேட்கின்றன. விலைப்பட்டியல் போன்ற அட்டவணைகளுக்கு அதில் விலக்கு உண்டு.

பக்கம் பக்கவாட்டில் நகர்ந்தால், எல்லாக் கூறுகளுக்கும் சிவப்பு அவுட்லைன் கொடுத்துப் பாருங்கள். துருத்தும் பெட்டி உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது அளவு நிலைப்படுத்திய வரைபடமாகவோ, 100 விடபிள்யூ அகலம் கொடுத்த பட்டையாகவோ, நீண்ட இணைய முகவரியாகவோ இருக்கும். காரணத்தைத் தேடாமல் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் என்று வெளிப்பெட்டியில் எழுதி மூடிவிட்டால், உள்ளடக்கம் வெட்டுப்படும், ஸ்டிக்கி தலைப்பும் வேலை செய்யாமல் போகும்.

கணினியில் காட்டும் கைப்பேசிச் சட்டகம் உண்மையான கைப்பேசி ஆகாது. விரலின் தடிமன், வெயிலில் திரையின் மங்கல், விசைப்பலகை எழும்போது பாதித் திரை மறைவது ஆகியவை அதில் தெரியா. பழைய ஆண்ட்ராய்டு ஒன்றிலும் ஐபோன் ஒன்றிலும் கட்டாயம் திறந்து பாருங்கள். இந்தியாவில் ஐபோனில் எந்த உலாவியைத் திறந்தாலும் உள்ளே இயங்குவது சஃபாரியின் வெப்கிட் இயந்திரமே என்பதால், ஐபோனில் ஓர் உலாவியில் சோதித்தால் பெரும்பாலும் போதும். கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பியும் பாருங்கள். அப்போது உயரம் ஏறத்தாழ 360 பிக்சல்தான். 80 பிக்சல் தலைப்புப் பட்டை நிலையாக நின்றால் படிக்க இடமே இராது. நான் மின்-ஹைட் நிபந்தனை வைத்து, உயரமான திரையில் மட்டும் தலைப்பை ஒட்ட வைத்தேன்.

வேகத்தை அளக்க, குரோமிலேயே உள்ள லைட்ஹவுஸ் கருவியை ஓட்டுங்கள். திரையின் மிகப் பெரிய உள்ளடக்கம் தெரியும் நேரம் 2.5 வினாடிக்குள்ளும், பக்கம் ஏறும்போது கூறுகள் குதிப்பதைக் காட்டும் அமைப்பு நகர்வு மதிப்பு 0.1க்குள்ளும் இருப்பது நல்லது.

9. செலவும் காலமும்

கருவிகளுக்குச் செலவில்லை. குறிமுறை எழுதும் விஷுவல் ஸ்டுடியோ கோட், குரோமின் சோதனைக் கருவிகள், எழுத்துரு எல்லாம் இலவசம். சோதனைக்காக நான் 4000 ரூபாய்க்கு ஒரு பழைய ஆண்ட்ராய்டு வாங்கினேன். அது இன்றுவரை உழைக்கிறது. தளத்தைத் தற்காலிகமாக இணையத்தில் காட்டுவதற்கு கிட்ஹப் பேஜஸ் என்னும் சேவை இலவசமாகக் கிடைக்கும். தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். வணிக நிறுவனத்தை அதில் நிரந்தரமாக நடத்த அதன் விதிகள் இடம் தருவதில்லை என்பதால், தளத்தை வைத்திருக்கும் இணைய இடமான ஹோஸ்டிங்கைக் கடைக்குத் தனியாக வாங்கச் சொல்லுங்கள். தளத்தின் பெயர் முகவரியான டொமைனை வாங்கும்போது முதல் ஆண்டுச் சலுகை விலையை மட்டும் பார்க்காமல், புதுப்பிக்கும் விலையையும் கேட்டு ஒப்புதல் தாளில் எழுதிவிடுங்கள். பதிவைக் கடைக்காரர் பெயரிலேயே செய்யுங்கள்.

ஐந்து பக்கத் தளத்திற்கு இப்போது நான் ஒதுக்கும் காலம் இது: தாள்களுக்கு 2 நாள், 360 பிக்சல் அமைப்புக்கு 4 நாள், அகலமான திரைகளுக்கு 2 நாள், படங்களுக்கு 2 நாள், சோதனைக்கும் திருத்தத்துக்கும் 4 நாள். படங்களும் விலைகளும் கடையிலிருந்து வருவதற்கு ஆகும் நாட்கள் இதில் சேராது. அவை வந்து சேரும்வரை போலி எழுத்துகளை வைத்து வடிவமைக்காதீர்கள். கடையில் உள்ளவற்றிலேயே மிக நீண்ட பெயரையும் மிகக் குட்டையான பெயரையும் கேட்டு வாங்கி, அவ்விரண்டையும் முதல் நாளே பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஒப்படைக்கும் அன்று, புதிய விளக்கின் படத்தை மூன்று அளவுகளில் சேமித்து ஏற்றும் முறையை ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்து, உங்கள் எதிரிலேயே அவரை ஒரு படம் ஏற்றச் சொல்லுங்கள்.